மூன்றாவது டிஸ்க்

வாசலில் குட்டியின் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. இன்னொன்றைக் காணோம். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதெல்லாம் ஒரு அதிசயமா, கட்டிலுக்கடியிலோ வாஷிங் மெஷினுக்குள்ளோ கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவள் கதவைச் சாத்திவிட்டு வேலை அறைக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை ஓய்ந்து, ஜன்னல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு சொட்டாக எதன் மேலோ விழுந்துகொண்டிருந்தது. வேலை அறைக்குள்ளேயே இருந்த சின்னக் கதவுக்கு அப்பால் குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் வைத்திருந்த பேபி மானிட்டரில் மூக்கடைத்த அந்தச் சின்ன மூச்சு ஏறி இறங்கியது.

கம்ப்யூட்டர் திரையில் பதினான்கு சதவீதம் என்று இருந்தது.

அழிந்துபோன டிஸ்க்குகளை மீட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கடைக்கு வந்து கண்ணைக் கசக்குகிறவர்களிடமெல்லாம், "ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவள் வீட்டில் படங்களைச் சேமித்து வைத்திருந்த பெட்டிக்கே காப்பி கிடையாது. நாளைக்கு, நாளைக்கு என்றே நான்கு வருஷம் ஓடிவிட்டது.

ஐந்து டிஸ்க் செருகிய அந்தக் கறுப்புப் பெட்டியில்தான் அவள் கணவர் இருந்தார். போன வருஷம் ஒரு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை; விபத்து. அவர் இருமல், சிரிப்பு, கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளைச் 'சோடாபுட்டி' என்று சீண்டுகிற குரல், எல்லாம் அதற்குள். எப்போதும் படம் எடுக்கிறவராக இருந்ததால் அவர் முகம் விழுந்த படங்கள் கொஞ்சம்தான். கன்னத்துத் தழும்பை மறைக்க, அவற்றிலும் வலது பக்கத்தை மட்டுமே காட்டுவார்.

ஒரு வாரமாகப் பெட்டி ஃபர்ம்வேர் என்கிற தன் உள் மென்பொருளுக்கு அப்டேட் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. காலையில் சமைத்துக்கொண்டே 'சரி'யை அழுத்தினாள். பெட்டி அணைந்து எழுந்தபோது, இரண்டாவது, மூன்றாவது விளக்குகள் சிவப்பாக எரிந்தன. ஒரு டிஸ்க் போனால் மிச்சமுள்ள நான்கும் சேர்ந்து, போனதைக் கணக்குப் போட்டுத் திரும்ப எழுதிவிடும். இரண்டு போனால் கையை விரித்துவிடும். டிராயர்களைக் கொட்டித் தேடினாள். அடியில், துணியில் சுற்றிய ஒரு டிஸ்க். மேலே ஒட்டிய காகிதத்தில் அவர் கையெழுத்து: 'மூணாவது. வேலை செய்யும்.'

கீழே ஒரு தேதியும் இருந்தது. கடையில் வேறு யாராவது அந்தத் தேதியைப் பார்க்காமல் டிஸ்க்கைச் செருகியிருந்தால், அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பாள். ஆனால் அந்த 'ணா'வின் வளைவு அவள் கண்ணை மறைத்துவிட்டது. செருகினாள். இது பொருந்தவில்லை என்று பெட்டி இரண்டு முறை எச்சரித்தது. இரண்டு முறையும் மீறி அழுத்தினாள்.

முப்பத்தொரு சதவீதத்தில், காலையிலேயே விஷயம் கேட்டிருந்த கடைக் கூட்டாளி போன் செய்தார். அவரை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏறிடுச்சு அண்ணா. ரீபில்ட் ஓடுது, போனதைத் திரும்ப எழுதிட்டிருக்கு."

"எந்த டிஸ்க்கை வெச்சும்மா?"

"அவர் கழட்டி வெச்சிருந்த பழசு."

"எப்போ கழட்டினது?"

காகிதத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்னாள். நான்கு வருஷம். குட்டி வயிற்றில்கூட இல்லாத காலம்.

"என்னம்மா இது, உனக்கா நான் சொல்லணும்? நீ அடிச்சு உள்ளே விட்டதால, அது பழசுன்னு பெட்டிக்குத் தெரியாது. அதையே நெஜம்னு நம்பி, மத்ததையெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதிட்டு வரும்."

"இப்போ நிறுத்தினா?"

"எல்லாமே போயிடும். ஓடி முடிஞ்சா அந்தப் பழைய காலம் மட்டும் நிக்கும். அதுக்கப்புறம் வந்தது எதுவும் மிஞ்சாது."

அவள் யோசித்தாள். நிறுத்தினால் அவரும் போய்விடுவார். ஓடவிட்டால் குட்டியின் படங்கள் போகும். போகட்டுமே, குட்டிதான் கண்ணெதிரே இருக்கிறாளே, புதிதாக எடுத்துக்கொண்டால் ஆயிற்று. இதற்கு மேல் இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஓடட்டும் அண்ணா," என்றாள்.

நாற்பத்தாறில் வாசனை வந்தது. முகம் மழித்த பிறகு அவர் தடவிக்கொள்கிற லோஷன். அந்தப் பாட்டிலை அவளே கையால் குப்பையில் போட்டிருந்தாள். நாற்காலி முதுகில் கை வைத்தபோது ஈரமாக இருந்தது. ஒரு துண்டு. அவர் துண்டு. இதே இடத்தில் போடாதீங்க என்று தினமும் கத்துவாளே, அந்தத் துண்டு. அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

நிமிர்ந்தபோது குட்டியின் அறைக் கதவு நிலை கண்ணில் பட்டது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குட்டியை நிறுத்தி உயரம் குறித்த பென்சில் கோடுகள் அதில் உண்டு. ஒரு வயது, இரண்டு, மூன்று. இப்போது இரண்டுதான் இருந்தன. மேலே இருந்த கோட்டைக் காணோம். அழித்த தடம்கூட இல்லை.

ஐம்பத்தெட்டு.

கதவைத் திறந்து பார்த்தாள். குட்டி போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் யானைப் பொம்மை இல்லை. சுவரில் கிறுக்கல்கள் இல்லை. அறை முழுக்கப் பழைய அட்டைப்பெட்டியின் புழுதி வாடை. குட்டி வருவதற்கு முன் இது வேண்டாத சாமான் போடுகிற அறை. அப்போது இந்தக் கதவை மறைத்து அவருடைய பெரிய புத்தக அலமாரி நின்றது. அவள் மாசமான பிறகு அவரே மூச்சு வாங்க வாங்கத் தள்ளி அகற்றினார்.

தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தாள். பின்னால் பெட்டி பீப் என்று ஒலித்தது. என்னவென்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று திரும்பினாள். ஒரு நிமிஷம்தான்.

எழுபத்து மூன்று.

கூடத்தில் யாரோ இருமினார்கள். தொண்டையைச் செருமி, ஒரு இடைவெளி விட்டு, இன்னொரு இருமல். அந்த இடைவெளியின் நீளம் அவளுக்கு மனப்பாடம்.

கதவு நிலையைப் பார்த்தாள். ஒரு கோடு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் இல்லை.

"குட்டி!" என்று கத்தினாள். மானிட்டரில் மூச்சு நின்று, புரண்டு படுக்கிற சத்தம். இருக்கிறாள். இன்னும் இருக்கிறாள். மேஜைக்கு அடியில் பாய்ந்து பெட்டியின் பிளக்கைப் பிடித்தாள். எண்பத்தொன்பது. இழுத்தால் போதும். எல்லாம் போகும். அவர் போவார். குட்டி நிற்பாள். விரல்கள் இறுகின.

"ஏய், சோடாபுட்டி."

கூடத்திலிருந்து. சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அங்கே கீழே என்ன பண்றே?"

கை இழுக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு. ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

"என்னங்க," என்றாள்.

"வந்துட்டேன்மா. இதோ."

தொண்ணூற்று நான்கு. முதுகுக்குப் பின்னால் கனமான ஏதோ தரையில் உராய்ந்துகொண்டு நகர்ந்தது. தொண்ணூற்றேழு. உராய்வு சுவரில் முட்டி நின்றது. புழுதி. புத்தக வாடை. பிளக்கிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. எதற்காகப் பிடித்திருந்தாள்?

நூறு.

ஐந்து விளக்கும் பச்சை.

எழுந்து நின்றாள். சுவரை அடைத்துக்கொண்டு புத்தக அலமாரி, எப்போதும் நிற்கிற இடத்திலேயே. அறை வாசலில் அவர். வலது பக்கம் காட்டி நின்றார். அதே புருவம், அதே மீசை நரை. அவள் நெஞ்சு நிறைந்தது. ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். அவர் மெல்லத் திரும்பினார். இடது பக்கம் எதுவும் இல்லை. கண் இல்லை, காது இல்லை, இன்னும் திறக்காத படம் போல ஒரே சாம்பல் நிறம், வழவழவென்று. அவளுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று அவளுக்கும்தான் ஞாபகம் இல்லையே.

மேஜை மேல் ஒரு சின்ன வெள்ளைக் கருவி கரகரத்தது.

"அம்மா," என்றது. தூக்கக் கலக்கத்தில், மூக்கடைத்த ஒரு குரல். "அம்மா, இருட்டா இருக்கு. கதவு தொறக்கல."

அலமாரியின் பின்னாலிருந்து உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். தாழ்வாக, இடுப்பு உயரத்தில்.

அவள் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க? யார் வீட்டுது?"

"யாருக்குத் தெரியும்? அணைச்சிடு. தொணதொணன்னு."

"அம்மா," என்றது அது.

அவள் பொத்தானைத் தேடிப் பிடித்து அணைத்தாள்.