வீட்டுப் பக்கம் வாங்க

அந்த மழைப் பின்னேரம், கண்டி மலைச்சரிவில், பல் டாக்டரின் பழைய பங்களாவில் இருந்தவர்கள்: டாக்டர் றிஸ்வி, புசல்லாவையிலிருந்து வீங்கிய தாடையோடு வந்திருந்த பிரேமிளா, வாசல் கதிரையில் தூங்கி வழிந்த அவள் புருஷன் கணேஸ். உதவிக்கு நிற்கும் நர்ஸ் மிஸ்ஸி அன்று லீவு.

பிரேமிளா இரண்டு தடவை ஊசியைக் கண்டதுமே எழுந்து ஓடியவள். வலிக்கிற பல்லில் கராம்புப் பூவை அடக்கியே மாதங்களைக் கடத்தியிருந்தாள். இப்போது எச்சில் விழுங்கவே வலித்தது.

"சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சு அடைக்கும். இண்டைக்கும் ஓடினா உசிருக்குத்தான் ஆபத்து," என்றார் டாக்டர் அலுப்போடு.

"கட்டிப் போட்டுப் புடுங்குங்க டாக்டர்!" வெளியே கணேஸ் கொட்டாவி விட்டான்.

ஊசி நெருங்கியது. அவள் கண்களை இறுக மூடினாள். எழுந்து ஓடக் கால் துடித்தது.

இடது கையை ஒரு கை பிடித்தது.

குளிர்ந்த கை. ஈரத்துணி வாடை.

"நானும் இப்படித்தான் பயந்தேன் தாயி," காதோரம் ஒரு பெண்குரல். "ஓடாத. ஓடுனா என்னாட்டம் ஆயிருவ."

பயம் சட்டென்று வடிந்தது. பல் வந்தது. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

"பஞ்சை நல்லாக் கடிங்க. நாளையிலிருந்து ராவைக்குப் பல்லுத் தீட்டாமப் படுக்காதீங்க. வலிக்க முந்தி வந்தா புடுங்கத் தேவையே இல்ல," என்றார் டாக்டர்.

தலையாட்டிவிட்டு எழுந்தவள், தான் இருந்த கதிரையின் இடப்பக்கம் திரும்பி, பஞ்சைக் கடித்தபடியே குழறினாள். விடைபெறும்போது யாரிடமும் சொல்கிற பேச்சுத்தான்.

"போயிட்டு வாறேன்க்கா. ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்க."

டாக்டரின் கையிலிருந்த குறடு தட்டில் விழுந்தது.

"யாருக்குச் சொன்னீங்க?"

"கையைப் புடிச்சிக்கிட்டிருந்தாங்களே, அந்த அக்காவுக்கு."

அவர் வெறும் கதிரையைத் திரும்பிப் பார்த்தார்.

"சீழ் கழுத்துக்கு இறங்கின பொறகுதான் அவ வந்தா. இந்தக் கதிரையிலயே உசிர விட்டா," என்றார். "கையைத்தான் புடிப்பா, வேற ஒண்டும் செய்யமாட்டா. ஆனா அவளை வாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

இருவரும் பஸ் ஏறினார்கள். வீடு வந்தபோது இருட்டிவிட்டது. பிரேமிளா உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கணேஸ் கதவைத் திறந்து பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.

"மழை உள்ளுக்கு வருது. சாத்துங்களேன்!"

"இருடி. உன் பின்னாலயே நனைஞ்சுக்கிட்டு வந்தாங்களே."

அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

ஈரத்துணி வாடை அவளைக் கடந்து போனது.

கணேஸ் கதவைச் சாத்திப் பூட்டினான்.