சஹனுக்குள் விழுந்த ஹாஜியார்!

“யா அல்லாஹ்...! ஹாஜியார் மவுத்தாகிட்டாரு...!”

அந்த அலறலில் மாம்புரி ஊரே அதிர்ந்தது.

ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்ட சஹன் தட்டு. அதற்குள், புரியாணியின் மேல், முகம் குப்புற விழுந்து கிடந்தார் முத்தலிபு ஹாஜியார். தாடியில் கஜுப் பருப்பு. மூக்கில் சோறு.

யாரோ யாஸீன் ஓதத் தொடங்கினார்கள். யாரோ மையித்தைத் தூக்கிச் செல்லச் சந்தூக்குப் பெட்டி எடுத்துவரப் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கொர்ர்ர்ர்...!

மையித்து குறட்டை விட்டது!

* * *

சப் இன்ஸ்பெக்டர் அஜித்தா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. சிலாபத்துக் கத்தோலிக்கப் பெண். சஹன் சாப்பாட்டைக் கலியாண வீடுகளில் தூர நின்று பார்த்ததோடு சரி.

“நித்திரைக் குளிசை,” என்றார் டொக்டர். “உயிருக்குப் பயமில்ல. ஆனா யாரோ வேணுமெண்டே தூளாக்கிப் போட்டிருக்கிறாங்க.”

வாசலில் கூட்டம் கொதித்தது. ஏன் என்று ஊருக்கே தெரியும்!

முத்தலிபு ஹாஜியார் ஊர்த் தனியார் பாடசாலையின் நிர்வாக சபை உறுப்பினர். ஆசிரியர்களுக்கான புது ஒப்பந்தத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர். அதில் சம்பளம் கூடும். ஆனால் தன் வகுப்புப் பிள்ளைக்குத் தானே டியூஷன் கொடுக்கக் கூடாது! அந்த ஒற்றை வரியால் ஊர் இரண்டுபட்டது. பாதி ஆசிரியர்கள் ஹாஜியாருக்கு ஸலாம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

சபையில் ஐந்து வாக்கு; சமம் வந்தால் மட்டும் தலைவி மைமூனா டீச்சரும் வாக்களிப்பார். நாலு மணிக்கு வாக்கெடுப்பு. அதற்கு முன் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுச் சமாதானமாவோம் என்று ஹாஜியார்தான் சபையைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார்.

“நல்ல சமாதானம்...!” என்று முணுமுணுத்தபடி அஜித்தா வராந்தாவுக்கு வந்தாள்.

அங்கே பேதுரு நின்றார். படகு முதலாளி. சபையில் இருந்த ஒரேயொரு கத்தோலிக்கர். ஒப்பந்த விஷயத்தில் ஹாஜியாரின் கட்சி.

“அஞ்சு பேர் ஒரே தட்டுல சாப்பிட்டீங்க. விழுந்தது ஒரு ஆள். எப்பிடி அங்கிள்?”

பேதுரு இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஈரல், மகள்! ஈரல்!”

“என்ன ஈரல்?”

“ஒரேயொரு பெரிய ஆட்டீரல் பொரியல். முத்தலிபு தன்ட கையால கொண்டு வந்து ஜப்பாருக்கு முன்னால வெச்சார். ஜப்பார் அத முத்தலிபு பக்கம் தள்ளினார். ‘நீங்க எடுங்க ஹாஜியார்.’ முத்தலிபு திருப்பித் தள்ளினார். ‘இல்ல, நீங்க எடுங்க.’ அவர் தள்ள, இவர் தள்ள... நாங்க மத்த ஆக்கள் சோத்த விட்டுட்டு ஈரலையே பாத்துக்கொண்டிருந்தம்!”

“இதென்ன விளையாட்டு?”

“விளையாட்டில்ல மகள், மரியாத! சஹன்ல நல்ல துண்ட பக்கத்து ஆளுக்குத்தான் தள்ளணும். தள்ளி வந்தத வேணாமெண்டா அவமானம். கடைசியா ஜப்பார், ‘என்னோட கோவமா ஹாஜியார்?’ எண்டு கேட்டார். எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறம். முத்தலிபு கண்ண மூடிக்கொண்டு முழுங்கினார்.”

“அந்த ஜப்பார் ஆரு?”

“டியூஷன் மண்டபத்துக்குச் சொந்தக்காரர். ஒப்பந்தத்துக்கு முதல் எதிரி. வேற என்ன வேணும்?”

வேறென்ன வேண்டும்! விலங்கு மாட்டுவதுதான் பாக்கி.

வாங்குப் பலகை ஒன்றில் உட்கார்ந்து ஜப்பார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற கூட்டம், “ஜப்பார வெளிய விடு!” என்று கத்தியது. விருந்துக்கு அழைத்துச் செல்ல அல்ல.

“வல்லாஹி மேடம்! நான் தள்ளினது ஈரல! நஞ்ச இல்ல!”

“ஏன் தள்ளினீங்க?”

“எனக்குக் கொலஸ்ட்ரோல். ஈரல் பக்கமே போகப்படாதெண்டு டொக்டர் சென்னாரு. வெக்கத்துல ஒருத்தருக்கும் செல்லல்ல. முத்தலிபு நாநாக்கு ஈரலெண்டா உசிரு மேடம்! கலியாண வீட்டுல ஈரல் இரிக்கிற சஹனாத் தேடி எழும்பி எழும்பி உக்கார்ற மனிசன். அவரே திங்கட்டுமெண்டுதான்...”

“ஒப்பந்தம் தோக்கணுமெண்டு உங்களுக்கு ஆச தானே?”

“அது எப்படியும் தோக்கத்தானே போகுது! எங்கட பக்கம் மூணு, அவங்கட பக்கம் ரெண்டு. தோக்கப் போற மனிசனுக்கு நான் ஏன் மேடம் மருந்து வெக்கணும்?”

அஜித்தாவின் பேனை நின்றது.

அதானே...? ஏன்?

“நாநா, நீங்க வாக்கெடுப்புக்குப் போங்க. என்ட கான்ஸ்டபிள் ஜீப்புல கூட்டிக்கொண்டு போவார். முடிஞ்சதும் நேரா இங்க வரணும். பேதுரு அங்கிள், நீங்களும் ஏறுங்க.”

இருவரும் பின்வாசலால் போனார்கள். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் டொக்டர் அனுமதித்தார்; அஜித்தா வார்டுக்குள் நுழைந்தாள்.

ஹாஜியார் கண் விழித்திருந்தார். கையில் சேலைன். தாடியில் இன்னும் ஒரு கஜு.

“மேடம்... வாக்கெடுப்பு முடிஞ்சிட்டா?”

“மருந்து வெச்சது யாரெண்டு கேக்க மாட்டீங்களா?”

“அது கெடக்கட்டும்! நாலு மணிக்கு நான் அங்க இரிக்கணும். இந்தக் குழாயக் கழட்டுங்க!”

எழுந்தார். தலை கிறுகிறுத்தது. பொத்தென்று கட்டிலில் விழுந்தார்.

“அப்பிடி என்னதான் இருக்கு அந்த ஒப்பந்தத்துல?”

ஹாஜியாருக்கு எங்கிருந்து வந்ததோ உயிர்!

“கேளுங்க மேடம்! காலையில வகுப்புல பாதிப் பாடம். ‘மிச்சம் பின்னேரம் டியூஷன்ல.’ காசிரிக்கிற புள்ள மிச்சத்தப் படிக்கிது. இல்லாத புள்ள? எங்கட தெருவுல றிஷ்னா எண்டொரு புள்ள. வாப்பா கடலுக்குப் போறவர். கணக்குல புலி! பாதிப் பாடத்தோட நிண்டு, இப்ப கருவாடு காயப்போடுது. அந்த வாசலால போக எனக்கு வெக்கமா இரிக்கி மேடம். சபையில எனக்கொரு கதிர போட்டு வெச்சிரிக்காங்க. அந்தப் புள்ளக்கு ஒதவாத கதிர என்னத்துக்கு?”

அஜித்தாவுக்குச் சுருக்கென்றது. சிலாபத்தில் அவளும் பௌதிகவியலில் பாதியோடு நின்றவள்தான். மிச்சம் எங்கே விற்கிறது என்று தெரிந்தும் வாங்க முடியாமல் அழுதவள். அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது. பொலிஸ்காரிக்கு இது ஆகாது!

குரலைச் செருமிக்கொண்டாள்.

“சரி, ஜப்பார அரெஸ்ட் பண்ணட்டா?”

ஜப்பார் ஜீப்பில் போய்விட்டதை அவள் சொல்லவில்லை.

“பண்ணுங்க!” ஹாஜியாரின் கண்கள் பளிச்சிட்டன. “ஆனா அடிச்சுக் கிடிச்சுப் போடாதீங்க, பாவம். நாலு மணிக்கு முந்திப் புடிங்க... நாலரைக்கு விட்டுருங்க.”



“நாலரைக்கா...?”

“அஞ்சு மணி எண்டாலும் பரவால்ல.”

அஜித்தா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஹாஜியார்... ஜப்பார் வராம நீங்க மட்டும் போனா ரெண்டுக்கு ரெண்டு. சமம் வந்தா மட்டும்தான் சபைத் தலைவி வோட் போடுவா. மைமூனா டீச்சர் யார் பக்கம்?”

“எ... எங்கட பக்கம்.”

“ஈரலுக்காகச் சஹன் சஹனா மாறி உக்கார்ற மனிசன், கைக்கு வந்த ஈரல ஏன் திருப்பித் திருப்பித் தள்ளினீங்க?”

“அது... மரியாத...”

“குளிச யாருட?”

“என்ட பொஞ்சாதிட...”

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

போச்சு! மருந்து வைத்தவரும் அவரே. விழுந்தவரும் அவரே!

“நாலரை வரைக்கும் அவன் தூங்கினாப் போதுமெண்டு நெனச்சேன் மேடம்... ஒரு நாளும் எனக்கு ஒரு எலும்பக் கூடத் தள்ளாத மனிசன்! இண்டைக்குப் பாத்தா மரியாத வரணும்?”

“அவர் நோயாளி! தூக்கத்துலயே போயிருந்தா?”

 கிழவர் சத்தமில்லாமல் அழுதார். நடிப்பில்லை. அஜித்தாவுக்கு அது தெரியும்.

நாலு மணி தாண்டியதும் அவளுடைய போன் அலறியது. மைமூனா டீச்சர்! ஸ்பீக்கரில் போட்டாள்.

“மகள்! ஒப்பந்தம் பாஸ்!”

“எப்பிடி டீச்சர்...?”

“ஜப்பார் கை தூக்கிட்டாரு! ‘எனக்குத்தான் ஈரலத் தரணுமெண்டு அவ்வளவு மல்லுக்கட்டின மனிசன், என்ட கையால விழுந்துட்டாரே... அவர்ட ஆசையாவது நடக்கட்டும்’ எண்டு சென்னாரு. சபையே அழுதிட்டு! பேதுருவும் அவரும் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. மிச்சத்த நான் பாத்துக்கிட்டேன்!”

‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று கத்த ஹாஜியார் வாயைத் திறந்தார். பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“சந்தோஷமா?” என்றாள் அஜித்தா.

“எந்த மொகத்தோட சந்தோஷப்படுறது மேடம்...”

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஜப்பார்! கையில் தோடம்பழப் பை.

“நாநா! நம்மட ஒப்பந்தம் பாஸாகிட்டு! மண்டபத்தக் கலியாணத்துக்கு வாடகைக்கு உடுவோம், எனக்கென்ன!” கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஹாஜியார் அவரின் தோளுக்கு மேலால் அஜித்தாவைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

ஹாஜியார் சொன்னார். ஒன்றும் விடாமல்.

தோடம்பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன.

“அந்த ஈரல்... எனக்கா...?”

“ஓம் தம்பி.”

ஜப்பார் சேலைன் கம்பத்தைப் பிடுங்கி ஓங்கினார். அஜித்தா பாய்ந்து பிடித்தாள்.

“தூக்கின கைய எறக்க ஏலாதா மேடம்?”

“சபை முடிஞ்சு கையெழுத்தும் போட்டாச்சு நாநா.”

“அப்ப கேஸ் போடுங்க! இந்த மனிசன உள்ள தள்ளுங்க!”

“நீங்க முறைப்பாடு எழுதித் தந்தா இப்பவே தள்ளுவேன். ஆனா கோர்ட்டுல கொலஸ்ட்ரோல் கதையும் வரும். நீங்க அழுது அழுது கை தூக்கின கதையும் வரும்.”

ஜப்பார் கம்பத்தை விட்டார். வாசலில் நிற்கும் கூட்டம் சிரிக்கும் சிரிப்பு இப்போதே அவர் காதில் கேட்டது.

“...நான் அதத் திங்கல்ல. எனக்கு ஒண்டும் ஆகல்ல. முறைப்பாடு வேணாம்! ஆனா மருந்து உள்ள போயிரிக்கி, ஆள் விழுந்திரிக்கி. அத சும்மா உடுவீங்களா?”

“விட மாட்டேன். விழுந்த ஆள்தான் அதுக்கு முறைப்பாட்டுக்காரர்.” அஜித்தா கட்டில் பக்கம் திரும்பினாள். “அது நீங்க, ஹாஜியார். மருந்து வெச்ச எதிரி...”

“அதுவும் நான்தான்!”

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

“அப்ப கோர்ட் எதுக்கு மேடம்? மத்தியஸ்த சபைக்கே அனுப்புங்க. நாங்க ரெண்டு பேரும் சமாதானமாப் போறம்!”

“எந்த ரெண்டு பேர்?” ஜப்பார் பல்லைக் கடித்தார்.

“நானும் நானும்தான்!”