மணல் நிறைத்த சட்டை

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடிய அன்பியச் செபம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் இசபெல் கவனித்தாள்: கடல் சத்தம் நின்றிருந்தது.

குளச்சலில் பிறந்த நாள் முதல் காதுக்குள் கிடந்த இரைச்சல் அது. இப்போது அணைந்த மெழுகுவர்த்தியின் புகையும் கருவாட்டு வாடையும் மட்டும் வீட்டுக்குள் சுற்ற, மேற்கு ஜன்னலில் சிவப்பு வற்றிக்கொண்டிருக்க, தெருநாய்கூடக் குரைக்காமல் எல்லாம் எதற்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் டெல்சியைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "ஏட்டி, கடலு கேக்குதா?"

"கேக்காம எங்க போவும்? இப்பத்தான வாசிச்சோம், மைனி. கடைசி நாள்லதான் கடலே இல்லாமப் போவுமாம். அதுக்கு முன்ன முங்கிப்போனவங்கள எல்லாம் திருப்பித் தருமாம். ஆன்றோ அண்ணனும் வருவான்."

ஆன்றோ இசபெல்லின் புருஷன். புயலில் போன அவன் வள்ளம் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களுக்குப் பெட்டியில் சட்டையை வைத்து அடக்குவது ஊர் வழக்கம். ஆத்துமாவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று டெல்சிதான் அவசரப்படுத்தினாள். பெட்டி வெறுமையாகப் போவதைப் பொறுக்காமல், இசபெல் அவனுடைய நீலச் சட்டைக்குள் மணலை நிறைத்து, கழுத்துவரை பொத்தான் மாட்டிப் படுக்கவைத்தாள். உயிரோடிருந்தவரை கழுத்துப் பொத்தானை அவன் மாட்டியதே இல்லை.

"கடலு அவரத் தரட்டும். நாம மண்ணத்தானே பொதச்சோம்? மண்ணு யாரத் தரும்?"

"ஒனக்கு வேதத்துலயும் குசும்பு," என்று சிரித்தபடி டெல்சி கிளம்பினாள். செபம் தொடங்கியதிலிருந்து வருவான், வருவான் என்று இவள் ஏன் இத்தனை முறை சொல்கிறாள் என்று இசபெல்லுக்குத் தோன்றியது.

இருட்டியது. கடல் இன்னும் கேட்கவில்லை. வேதம் சொன்னது இன்றைக்குத்தானோ?

அப்போது முற்றத்தில் ஒரு சத்தம். எதையோ இழுப்பதுபோல். நின்று, மறுபடி இழுத்து. வலையை இழுத்துக்கொண்டு ஆன்றோ இப்படித்தான் வருவான். அவனுக்காகவே அவள் இத்தனை நாளும் கதவைத் தாழிட்டதில்லை.

ஓடிப்போய்த் திற என்றது நெஞ்சு. மூக்கு வேண்டாம் என்றது. உப்பு வாடை இல்லை. ஈரம் இல்லை. புதிதாகத் தோண்டிய குழியின் வாடை.

"யாரு?"

இழுக்கும் சத்தம் வாசற்படிவரை வந்தது. கதவைத் தாழிடக் கை போனது. பாதியில் நின்றது. அவனாக இருந்துவிட்டால்?

அப்போதுதான் கடல் இரைந்தது. பழைய இரைச்சல். அது எங்கும் போயிருக்கவில்லை. யாரையும் தந்திருக்கவில்லை.

கதவு திறந்தது.

நீலச் சட்டை. கழுத்துவரை மாட்டிய பொத்தான். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

அவளை நோக்கி நீண்ட சட்டைக் கையிலிருந்து மணல் உதிர்ந்து, வாசற்படியைத் தாண்டி, வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது.