அறுநூற்று நாற்பது

ஒரு வண்ணத்துப்பூச்சியின் உயிர் ஐம்பது காசு. கமலக்கண்ணனுக்குப் பேரம் பேசாமலே கிடைத்த விலை. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைச் சோதனைக்குப் போட்டிருந்த விதைக் கம்பெனி, வயலோர எருக்கஞ்செடியில் உயிரோடிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை எண்ணித் தரச் சொன்னது. தலைக்கு ஐம்பது காசு. செத்ததற்குக் காசில்லை. காசில்லாததை எவன் எண்ணுவான்?

ஒரே ஒரு நாள்தான் போனான். சோளப்பூவின் மஞ்சள் தூள் படிந்த இலைகளில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப் புழுக்கள் செத்துச் சுருண்டு கிடந்தன. ஒன்று மட்டும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அதற்கப்புறம் உப்பளம் பகுதியிலிருந்த தன் வீட்டில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தே, எல்லாம் உயிரோடிருப்பதாகத் தாளில் கோடு போட்டான். நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஐந்துக்கு ஒரு கட்டு.

"ஒண்ணுகூடவா சாவல? நீ எண்ணுனது புழுவையா, எங்க மொதலாளி ஆயுசையா?" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார் கம்பெனி மேனேஜர் அரிகிருஷ்ணன். அந்தத் தாளைக் காட்டித்தான் இன்னும் நூறு ஏக்கருக்கு விதை போனது. கூலி முந்நூற்று இருபதில் மனைவி சரிதாவுக்கு ஒரு சேலை எடுத்தான். நிறம் பிடிக்கவில்லை என்று அவள் அதைக் குழந்தைக்குத் தூளி கட்டிவிட்டாள்.

"என்னங்க, தூளிக்கு அடியில மஞ்சளா கொட்டியிருக்கு. கூட்டக் கூட்ட வருது."

"மஞ்சப்பொடியா இருக்கும்."

"அடுப்படிப் பக்கமே வராதவரு சொல்லிட்டாரு! டப்பா காலியாகி ரெண்டு நாளாச்சு. பாப்பாவப் பாத்துக்குங்க, ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவள் போன சற்றைக்கெல்லாம் மின்சாரம் நின்றது. ஃபேன் ஓய்ந்த அந்த உச்சி வெயில் நிசப்தத்தில், எருக்கம்பாலின் கசந்த வாடை மூக்கிலேற, பச்சை இலையை ஆயிரம் சின்ன வாய்கள் நிதானமாக அரைப்பது போன்ற சத்தம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

சுவரைப் பார்த்தான்.

கோடுகள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய். நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.

அசைந்தன.

எண்ணினான். முதன்முறையாக, ஒழுங்காக. நூற்றிருபத்தேழு முழுக்கட்டு. அதற்கடுத்த கடைசிக் கட்டில் நாலுதான். குறுக்குக் கோடு இல்லை.

தூளியருகே ஓடினான். தூளியின் வாயை வெள்ளை நூல் பின்னி மூடியிருந்தது. இழுத்தான். பிய்த்தான். வரவில்லை. குழந்தை அழவில்லை. உள்ளே ஏதோ மெதுவாக நெளிந்து, துணி வழியே அவன் பக்கம் தலையைத் தூக்கியது.

எழுதிக் கொடுத்தது அறுநூற்று நாற்பது.

சுவரில் அறுநூற்று முப்பத்தொன்பது.

பாக்கி, ஒன்று.