ஐந்து பேருக்கு நாலு இருக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு பீயுனின் சிற்றுண்டிக் கடையில் நிற்கக்கூட இடம் இருக்காது. பிங்டுங் நகரத்தில் பாதிப் பேர் அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. கல்லில் ஆறு முட்டை ரொட்டி, ஓரத்தில் பொரிகிற முள்ளங்கிக் கட்டிகள், வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமலே “ரெண்டு சோயாப் பால், சர்க்கரை கம்மி!” என்று கத்துகிறவர்கள்… இத்தனைக்கும் நடுவில்தான் அவளுடைய நாத்தனார் லீஜூ மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சண்டைக்கு நேரம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“பீயுன்! இது என்ன?” கையில் ஒரு தாள் ஆடியது.

“அண்ணி, கொஞ்சம் இருங்க… கல்லுல முட்டை இருக்கு.”

“முட்டை கருகட்டும்! இது என்னன்னு கேட்டேன்!”

பீயுன் திரும்பிப் பார்த்தாள். ஜப்பானில் ஃபுகுவோகாவிலிருந்து ககோஷிமா போகிற ரயிலுக்கு இடம் பிடித்த தாள். மேஜை இழுப்பறைக்குள் மற்ற தாள்களுக்கு அடியில் வைத்திருந்தாள். அண்ணியின் கை எட்டாத இழுப்பறை இந்த வீட்டில் எங்கே இருக்கிறது?

“பெரியவங்க நாலு பேர்னு போட்டிருக்கு. இந்த வீட்டுல எத்தனை பேர்? அஞ்சு! எண்ணத் தெரியாதா உனக்கு? இல்ல, என்னை ஆளாவே எண்ணலையா?”

இருபது வருஷமாக அதே மூலை மேஜையில் உட்காருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் லாய், சோயாப் பால் கிண்ணத்தை வாயருகே வைத்தபடியே உறைந்துவிட்டார். இலவசமாக நாடகம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

“அண்ணி… மத்தியானம் கடை மூடினதும் பேசலாமே…”

“எதுக்கு மத்தியானம்? நாளைக்கு விடிஞ்சா விமானம்! ஏர்போர்ட்டுல வெச்சு, ‘ஐயோ அண்ணி, உங்களுக்கு டிக்கெட் இல்லையே’ன்னு சொல்லலாம்னு பார்த்தியா?” லீஜூவின் குரல் உடைந்தது. “பதினஞ்சு வயசுல காவ்சியுங்ல ரேடியோ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். எதுக்கு? என் தம்பி படிக்கணும்னு! கல்யாணம் காட்சி எதையும் பார்க்காம இந்த வீட்டுக்கு உழைச்சேன். இன்னைக்கு நான் கூடுதல் மூட்டை ஆயிட்டேன்…!”

இந்தப் பேச்சை பீயுன் கேட்டிருக்கிறாள். புத்தாண்டுக்குக் கேட்டிருக்கிறாள், மகன் கல்யாணத்தில் கேட்டிருக்கிறாள், குளிர்சாதனப் பெட்டியை மாற்றும்போதுகூடக் கேட்டிருக்கிறாள். இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பேச்சு தொடங்கியதும் அவள் வாய் மூடிக்கொள்ளும். ஏனென்றால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

இந்தப் பயணத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? வீட்டில் யாரும் கடல் தாண்டியதில்லை. போனால் ஜப்பானின் கியூஷூ தீவுக்குத்தான் என்று முடிவானதும் திட்டம் போடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஆர்டர் எழுதும் சீட்டுகளின் பின்பக்கத்தில் நாலு மாதம் எழுதி எழுதி அடித்தாள். கணவர் சிங்ஃபாவுக்கு பெப்புவில் வெந்நீர் ஊற்று. ஒரு ராத்திரி போதாதாம், இரண்டு வேண்டுமாம். மகன் யாவ்வென்னுக்கு அசோ எரிமலை. அதுவும் ரயிலில் போனால் சுவாரசியம் இல்லையாம், கார்தான் வேண்டுமாம். மருமகள் வெய்ரோங்குக்கு ககோஷிமாவில் கடலைப் பார்த்த காபிக் கடை. லீஜூவுக்கு ஊருக்கு ஊர் மருந்துக் கடை; முழங்கால் பிளாஸ்திரி, கண் சொட்டு மருந்து, வயிற்று மாத்திரை என்று இரண்டு பக்கப் பட்டியல். ஒருவர் ஒன்றைச் சேர்த்தால் இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். குமாமோட்டோ வரை ரயில், ககோஷிமா போய்த் திரும்பவும் ரயில், பிறகு கார், கடைசியில் பெப்புவிலிருந்து மறுபடி ரயில் என்று பதினொன்றாவது தடவை மாற்றி எழுதியபோது, இதற்குப் பேசாமல் கடையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் யாவ்வென் குண்டு போட்டான். ஆகஸ்டில் வாடகைக்குப் பெரிய கார் ஒன்றுகூட மிச்சமில்லையாம். கிடைத்திருக்கிற காரில் ஐந்து பேர் உட்காரலாம், ஆனால் நாலு பெட்டிதான் கொள்ளும். உடனே லீஜூ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நான் வரலைப்பா. நான் ஒண்டிக்கட்டை, வீட்டைப் பார்த்துக்கறேன்” என்று கண்ணைத் துடைத்தாள். சிங்ஃபா வாய் திறக்கவில்லை. பீயுனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் பீயுன் நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தாள். கடையை மூட முடியாது என்று கடைசி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை யாருடைய சந்தோஷத்தையும் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளிப் புறப்படுவதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் நாலு பெட்டி வரிசையாக நிற்கிறது. அவள் பெட்டி கட்டாததை யாரும் கவனிக்கவில்லை.

சத்தம் கேட்டு சிங்ஃபா உள்ளேயிருந்து வந்தார். பின்னால் மகனும் மருமகளும்.

“என்ன பீயுன் இது? அக்கா சொல்றது நிஜமா?” சிங்ஃபாவின் முகம் சிவந்தது. “யாரைக் கேட்டு அக்காவை விட்டே? என்னை எல்லார் முன்னாடியும் தலை குனிய வெச்சுட்டியே!”

“நான் யாரையும் விடலைங்க.”

“அப்புறம் இது என்ன? நாலுன்னு பேய் வந்து எழுதிச்சா?”

பீயுன் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கூட்ட நேரத்தில் அந்த அடுப்பு அணைந்ததை லாய் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை.

“விமான டிக்கெட்டைப் பாருங்க. அதுல பேர் இருக்கும். ரெண்டு மாசம் முன்னாடியே உங்க எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருத்தராவது திறந்து பார்த்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. “அம்மா பார்த்துக்குவாங்க” என்று எல்லோரும் பொம்மைப் படம் அனுப்பி நன்றி சொன்னதோடு சரி.

வெய்ரோங் போனை எடுத்துத் தேடினாள். திறந்தாள். சத்தமாகப் படிக்கத் தொடங்கியவளின் குரல் போகப் போகத் தேய்ந்தது.

“லீஜூ அத்தை பேர்தான் முதல்ல… ஜன்னலோரம். அப்புறம் அப்பா… யாவ்வென்… நான்…” அவள் நிமிர்ந்தாள். “அம்மா, உங்க பேர் இல்லையே!”

லீஜூவின் கையிலிருந்த தாள் மெதுவாகத் தாழ்ந்தது.

“பெட்டி வைக்க இடமில்லைன்னீங்க,” என்றாள் பீயுன். “அதான்.”

சிங்ஃபா தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல வார்த்தை தேவைப்படும் நேரத்தில் அவர் வாயில் எப்போதும் வேறு எதுவோதான் வரும். “சரி… நீயே முடிவு பண்ணிட்டே… கடையையும் ஒருத்தர் பார்க்கணுமில்ல…”

“அப்பா!” என்று பல்லைக் கடித்தாள் வெய்ரோங். பிறகு எதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்பதுபோல் கணவனிடம் கையை நீட்டினாள். “கார் கம்பெனிக்கு உங்க லைசன்ஸ் தாளைப் படம் எடுத்து அனுப்பணும். கொடுங்க.”

யாவ்வென் பெருமையாக ஒரு சாம்பல் நிறப் புத்தகத்தை நீட்டினான். வெய்ரோங் புரட்டினாள். போனைப் பார்த்தாள். மறுபடி புரட்டினாள்.

“இது சர்வதேச லைசன்ஸ்.”

“ஆமா. உலகம் பூராவும் செல்லும்!”

“ஜப்பான்ல செல்லாது! நம்ம ஊர்க்காரங்களுக்கு நம்ம லைசன்ஸும் அதோட ஜப்பானிய மொழிபெயர்ப்புத் தாளும்தான் வேணும்னு இங்க கொட்டை எழுத்துல போட்டிருக்கு!”

“மூணு தடவை சொன்னேன்,” என்றாள் பீயுன், களைத்துப்போய். “மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புன்னு மூணு தடவை. ‘தெரியும்மா, தெரியும்மா’ன்னான்.”

ஞாயிற்றுக்கிழமை. போக்குவரத்து அலுவலகம் பூட்டியிருக்கும். நாளைக்கு அது திறக்கும்போது விமானம் கடலுக்கு மேலே இருக்கும். வெய்ரோங்குக்கு ஸ்கூட்டர் லைசன்ஸ் மட்டும்தான். சிங்ஃபா கண் ஆபரேஷனுக்குப் பிறகு காரைத் தொடவில்லை. தினமும் விடியற்காலையில் சந்தைக்கு வேன் ஓட்டுகிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

“அம்மா…” யாவ்வென்னின் குரல் குழைந்தது. “உங்ககிட்ட அந்தத் தாள் இருக்கா?”

இருந்தது. தானும் போகப்போகிறோம் என்று நம்பிய நாட்களில், வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்தாள்.

“இருக்கு.”

அடேயப்பா, எத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் மலர்ந்தன! சிங்ஃபா கை தட்டாத குறை. “அப்புறம் என்ன! நீயும் வந்துடு பீயுன்! நீ வராட்டா வண்டியை யார் ஓட்டுறது?”

பீயுன் அவர் பக்கம் திரும்பினாள். “இப்போ இடம் கிடைச்சிடுச்சா? பெண்டாட்டிக்கு இடமில்லை, டிரைவருக்கு இருக்கா? ஏங்க, இருபத்தொன்பது வருஷம்… ராத்திரி மூணு மணிக்கு எழுந்து மாவு கரைச்சிருக்கேன். ஒருநாள் காய்ச்சல்னு படுத்ததில்லை. நீங்க என்னைத் திரும்பிப் பார்த்தீங்களே அன்னைக்கு… ஒரு வார்த்தை, ‘நீ வரணும் பீயுன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பெட்டியை மடியில வெச்சிட்டு வந்திருப்பேன்! நான் வரலை. பஸ்ல போங்க. எந்த பஸ், எத்தனை மணிக்குன்னு எழுதித் தரேன். அதையும் நான்தானே எழுதணும்!”

அவள் உண்மையிலேயே ஒரு ஆர்டர் சீட்டைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள். கண்ணீர் விழுந்து மை பரவியது.

லீஜூ அந்தச் சீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

“நிறுத்து.”

“விடுங்க அண்ணி…”

“நிறுத்துங்கறேன்! ‘நான் வரலை’ன்னு நான் சொன்னேனே அன்னைக்கு, சாப்பாட்டு மேஜையில… அது நடிப்புடி. யாராவது கெஞ்சுவாங்கன்னு சொன்னேன். ஆனா நீ சொல்றியே, இந்தக் குரல் எனக்குத் தெரியும். பதினஞ்சு வயசுல எங்கப்பா கேட்டார், ‘பள்ளிக்கூடம் போறியா, வேலைக்குப் போறியா’ன்னு. ‘எனக்குப் படிப்பு பிடிக்கலைப்பா’ன்னேன். இதே குரல்லதான் சொன்னேன். வீட்டுல எல்லாரும் நம்பினாங்க. நம்பறதுதானே அவங்களுக்கு வசதி! நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு பீயுன்… பொய் சொல்றேன்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இன்னும் எனக்குத் தோணும். நான் சொல்றேன். நீ பொய் சொல்றே. உனக்குப் போகணும்.”

பீயுன் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எங்கே போகணும் உனக்கு? சொல்லு. எரிமலையா? கடலா?”

“எங்கேயும் வேணாம் அண்ணி…” விரல்களுக்கு இடையே விம்மல் வெடித்தது. “ஒரு காலையில… ஒரே ஒரு காலையில… வேற யாராவது எனக்குச் சாப்பாடு பண்ணிக் கொண்டுவந்து வைக்கணும். நான் உட்கார்ந்து சாப்பிடணும். சூடா.”

லீஜூ அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனோடு அப்படியே. இரண்டு பேரும் அழுதார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டது இதுதான் முதல் தடவை. சிங்ஃபா அருகில் வந்தார். மனைவியின் முதுகில் கையை வைத்தார்.

“நீ வரணும் பீயுன்,” என்றார் மெதுவாக. “வண்டி இல்லாட்டாலும் பரவாயில்லை. நீ வரணும்.”

“ரெண்டு மாசம் லேட்டு,” என்று லீஜூ தம்பியின் மேல் எரிந்து விழுந்தாள். “வெய்ரோங், அதே விமானத்துல இடம் இருக்கா பாரு. என் பெட்டியைத் தூக்கி மாடியில போடு. எனக்கு ஒரு கைப்பை போதும். மருந்தெல்லாம் இங்கேயே கிடைக்குது!”

“ஒரே ஒரு சீட்டு இருக்கு! கடைசி வரிசை!” என்று கத்தினாள் வெய்ரோங்.

“போடு, போடு! நான் கடைசியில உட்கார்றேன். ஜன்னல் அவளுக்கு.”

பீயுன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகனைப் பார்த்தாள். “வண்டியை நான் ஓட்டுவேன். ஆனா பின்னாடி உட்கார்ந்து ‘அம்மா இடது, அம்மா வலது’ன்னு ஒரு சத்தம் வந்தாலும் அங்கேயே இறக்கி விட்டுடுவேன்.”

யாவ்வென் வேகமாகத் தலையாட்டினான்.

“அப்போ நாளைக்கு என் சோயாப் பால்?” என்று பரிதாபமாகக் கேட்டார் லாய்.

வெய்ரோங் ஒரு பெரிய அட்டையும் பேனாவும் கொண்டுவந்தாள். கடை திறந்த நாளிலிருந்து ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் ஷட்டர் இறங்கியிருந்ததில்லை. ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டுமே! “தவிர்க்க முடியாத குடும்ப வேலைன்னு எழுது” என்றார் சிங்ஃபா. பீயுன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து, வாசலைத் தாண்டிப் போகிற ஸ்கூட்டர்க்காரனும் படிக்கிற அளவில் எழுதினாள்:

“ஒன்பது நாள் கடை இல்லை. முதலாளியம்மா ஊர் சுற்றப் போகிறாள்.”