சுவரோரச் சுமை

கதவு சட்டத்தில் பிடித்துக்கொண்டது. ரெய்னோ பலங்கொண்ட மட்டும் இழுத்துத்தான் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தான்.

“சாயங்காலத்துலேருந்தே இப்படித்தான், என்ஜினியரே,” என்றாள் பரிமாறும் டார்லீன். “ஈரத்துல ஊறிப்போச்சு. கொஞ்சம் சீவி விட்டுட்டுப் போங்களேன்.”

அது இரும்புக் கதவு. இரும்பு எங்கே ஊறும்?

வெள்ளிக்கிழமை மீன் விருந்து. பொரித்த எண்ணெயின் மணமும், ஈரக் கம்பளிக் கையுறைகளின் வாடையும், ஏரியிலிருந்து வந்து சுவரை அறைந்துகொண்டிருந்த காற்றின் ஊளையும் கலந்து கிடந்த அந்தத் தாழ்ந்த கூடத்தில் ஊரில் பாதி உட்கார்ந்திருந்தது. அவன் மனைவி லெம்பி சுவரோர மேசையில் இடம் பிடித்திருந்தாள். சுவருக்கு அப்பால், போன வருஷம் அவன் வரைந்து கொடுத்த உயரமான பனிச்சறுக்கு அரங்கம்.

உயரக் கூரையின் பனியைக் காற்று அள்ளி வந்து, தாழ்ந்த கூரையில் சுவரோரம் முக்கோணமாகக் குவிக்கும். கூரை தாங்கவேண்டிய அந்தப் பனிச்சுமையின் அளவைப் புதிய கட்டட விதி கூட்டியிருந்தது. அதன்படி, இந்தப் பழைய உணவுக்கூடத்தின் உத்தரங்களைப் பலப்படுத்தாமல் அரங்கத்துக்கு அனுமதி கிடைத்திருக்காது. அதனால் விதி அமலுக்கு வருமுன்பே வரைபடங்களைக் கொடுத்துவிட்டான். எல்லோரும் செய்வதுதான். ஆனால் புது விதிப்படியும் அவன் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். தாங்காது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டான்.

தலைக்கு மேல் ஏதோ முனகியது.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

“கூரையை ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.”

“மீன் ஆறிடும்,” என்றாள் லெம்பி. “எங்க போனாலும் அண்ணாந்து பாக்குற புத்தி உனக்கு எப்பத்தான் போகுமோ.”

வெளியே முழங்கால் அளவு பனி. தெருவிளக்கின் வெளிச்சத்தில் கூரையைப் பார்த்தான். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சுவரோரம்கூட ஒரு பிடி பனி இல்லை. நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பிக் கதவை இழுத்தான். வரவில்லை.

மறுபடி இழுத்தான். அசையவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தான். உட்கூரை தொங்கியது. சுவரோரம் ஆழமாக. தள்ளிப் போகப் போக மெலிந்து. வரைபடத்தில் அவன் விட்டுவிட்ட அந்தப் பனி முக்கோணம். அதே அளவு. மேலே வெறும் கூரை.

கண்ணாடியைக் குத்தினான். “வெளிய வாங்க. தாங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். என் தப்புதான்.”

காற்றில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

டார்லீன் தட்டுகளோடு குனிந்து நடந்தாள். இன்னும் குனிந்தாள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கூரை இறங்க இறங்கத் தலைகளும் இறங்கின. பேசினார்கள். சிரித்தார்கள். மென்றார்கள்.

லெம்பி, ஒரு கன்னம் மேசையில் அழுந்த, ஜன்னல் பக்கம் பார்த்து, முள்கரண்டியை ஆட்டி, அவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.