பதினேழாம் பதிவேடு

காலை மணி 10.20. பதிவறைக்குள் போன எழுத்தர் வெறுங்கையோடு வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பதினேழாம் நம்பரைக் காணோம் சார்" என்றார் நில அதிகாரியிடம்.

தாழ்வாரத்தில் காத்திருந்த நாற்பத்து மூன்று குடும்பத்தாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அறுநூறு ஏக்கர் ஒரே பெரிய வீட்டின் கையில் இருந்தது. அதில் எந்தத் துண்டை யார் எத்தனை வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி. உழுகிறவருக்கே நிலம் என்று புதுச் சட்டம் வந்தாயிற்று. ஆனால் உழுததை நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கடைசி விசாரணை. பதிவேடு இல்லையென்றால் மனு தள்ளுபடி.

10.35. தகவல் கிடைத்த போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். தாழ்வாரத்து முகங்களை ஒருமுறை பார்த்தார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் ஓர் அலுவலக வாசலில் நின்று, காகிதம் இல்லாத காரணத்தால் குத்தகை நிலத்தை விட்டு வெளியேறியவர். பேச நேரமில்லை. நேராகப் பதிவறைக்குப் போனார்.

எழுத்தருக்கு அலுவலகத்தில் பூட்டு சார் என்று பெயர். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். தன் வாய்க்கு மட்டும் அவரால் பூட்டுப் போட முடியவில்லை என்று அவர் மனைவி சொல்வதாகக் கேள்வி.

"சாவி?"

"ஒண்ணுதான் மேடம். என் இடுப்பை விட்டு இறங்காது."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"நேத்து சாயந்தரம். அதிகாரி, சர்வேயர், பெரிய வீட்டுக் காரியஸ்தர் எல்லாரும் பார்த்து முடிச்சதும் அவங்க முன்னாடியே புது வெள்ளை நாடா போட்டுக் கட்டினேன். பழைய நாடா இத்துப் போச்சு."

"இன்னிக்கு உள்ளே போனது?"

"மூணே பேர். ஒன்பது மணிக்குப் பெருக்கித் துடைக்கிற அக்கா. ஒன்பதரைக்கு சர்வேயர், வரைபடம் எடுக்க. பத்துக்குக் காரியஸ்தர், ஏதோ நகல் வேணும்னு."

"கூடவே இருந்தீங்களா?"

"வாசல்ல இருந்தேன். நடுவுல ரெண்டு மூணு தடவை போன் வந்தது."

"அந்த அக்கா எப்படி?"

"அவங்களை விடுங்க மேடம். சம்பளத்துக்கே கைநாட்டு. நூத்திருபது புத்தகத்துல பதினேழைத் தேடி எடுக்க அவங்களால முடியுமா?"

இன்ஸ்பெக்டர் மூன்றாவது தட்டின் முன் நின்றார். புத்தகங்கள் நிமிர்ந்து வரிசையாக இருந்தன. பதினாறுக்குப் பக்கத்திலேயே பதினெட்டு. இடைவெளி தெரியாதபடி நெருக்கி வைத்திருந்தார்கள். பதினெட்டின் முதுகில் இருந்த எழுத்தைப் படிக்க அவர் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. அது தலைகீழாக நின்றது.

10.55. சர்வேயர் எரிச்சலில் இருந்தார்.

"என் கையில இருந்தது சுருட்டின வரைபடம் மேடம். அந்தப் பதிவேடு அம்மிக்கல் கனம். இந்தச் சுருளுக்குள்ள அதை எங்க ஒளிக்கறது?"

11.05. காரியஸ்தர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தானாகவே பையைத் திறந்து காட்டினார்.

"நல்லா பாருங்கம்மா. சட்டைப் பையையும் பாருங்க."

"ரொம்ப நிதானமா இருக்கீங்களே."

"எனக்கென்ன அவசரம்? அவசரமெல்லாம் அவங்களுக்குத்தான்" என்று தாழ்வாரத்தைக் கண்ணால் காட்டினார்.

"அந்தாளைப் பிடிச்சு ரெண்டு சாத்து சாத்துங்கம்மா!" என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள். இன்ஸ்பெக்டருக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அவருடைய மனம் அந்தத் தலைகீழ் எழுத்தை விட்டு நகரவில்லை.

11.15. பூட்டு சாரைத் தட்டின் முன்னால் நிறுத்தினார்.

"பதினேழை உருவினப்போ பதினெட்டும் கூட வந்து விழுந்திருக்கு. எடுத்தவங்க அதைத் திரும்ப வெச்சு இடைவெளியையும் மூடியிருக்காங்க. நிதானமா, ஒழுங்கா செஞ்ச வேலை. ஆனா எழுத்து தலைகீழா நிக்கறது மட்டும் கண்ணுல படல. சர்வேயரும் காரியஸ்தரும் பொழுதன்னைக்கும் காகிதத்தோடயே கிடக்கறவங்க. அவங்க கையே தானா நேரா வெச்சிருக்கும். இது எழுத்து தெரியாதவங்க வெச்சது."

"அப்ப எப்படி மேடம் சரியான புத்தகத்தை எடுத்தாங்க?"

"நீங்கதானே அடையாளம் கட்டி வெச்சீங்க? நூத்திருபதுல வெள்ளை நாடா ஒண்ணுதான். அதைப் பார்த்த யாரோ அவங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

பூட்டு சார் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

பெருக்கித் துடைக்கிற அந்தப் பெண் பின்கட்டுக் குழாயடியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, புத்தகம் எங்கே?"

அவள் மறுக்கவில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு, உடைந்த நாற்காலிகள் கிடந்த கொட்டகையைக் காட்டினாள். கோணிக்கு அடியில் வெள்ளை நாடா தெரிந்தது.

"குப்பைக் கூடையில வெச்சு வெளியே கொண்டாந்து, மத்தியானம் குப்பையோட சேர்த்து எரிக்கச் சொன்னார் காரியஸ்தர். பத்து மணிக்கு வந்து முடிஞ்சுதான்னும் கேட்டுட்டுப் போனார்" என்றாள். "எரிக்க மனசு வரலம்மா. அதுல அத்தனை வீட்டுப் பொழப்பு இருக்கு."

"அப்ப ஏன் எடுத்தீங்க?"

"என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு. அந்த ரெண்டு ஏக்கரை நான் ஒருத்திதான் பாக்கறேன். காலையில இங்க பெருக்கிட்டு, அப்புறம் வயலு. குத்தகை அவரோட அண்ணன், என் மூத்தார் பேர்ல இருக்காம். நிலம் கைக்கு வந்ததும் வீட்டைக் காலி பண்ணிடுன்னு அவர் சொல்லிட்டார். புத்தகம் இல்லாமப் போனா எல்லாம் பழையபடியே இருக்கும், உன்னை யாரும் வெரட்ட முடியாதுன்னு காரியஸ்தர் சொன்னார். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?"

இன்ஸ்பெக்டர் நாடாவை அவிழ்த்தார். அவளுடைய மூத்தாரின் பெயர் இருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தார். படித்ததையே மறுபடியும் படித்தார்.

"அக்கா, இங்க வாங்க. ஓரத்துல சிவப்பு மையில ஒரு வரி இருக்கு, பாருங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி அப்ப இருந்த சர்வேயர் எழுதி, அப்ப இருந்த அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கார். 'வயலில் நேரில் கண்டது: சாகுபடி செய்பவர், இறந்த தம்பியின் மனைவி.' கீழே உங்க பேர்."

"என் பேரா?"

"உங்க பேர்தான்."

அவள் ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். அந்த வரியைத் தொடப் போனவள் தொடாமலே நின்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"தினமும் தூசி தட்டினேனே" என்றாள். "ஒருத்தரும் சொல்லலையேம்மா."

"காரியஸ்தருக்குத் தெரியும். நேத்து பக்கம் பக்கமா புரட்டிப் பார்த்திருக்கார். அத்தனை பேர் நிலத்தையும் போக்க, இந்தப் புத்தகத்துல பேர் இருக்கிற உங்களையே பிடிச்சிருக்கார்." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நடந்ததை நான் மறைக்க முடியாது அக்கா. எடுத்ததையும் எழுதுவேன். எரிக்கலை, கேட்டதும் காட்டிக் கொடுத்தீங்கங்கறதையும் எழுதுவேன். காரியஸ்தர் சொன்னதை நீங்க சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்றேன்."

11.50. பதிவேடு அதிகாரியின் மேசைக்கு வந்தது. பூட்டு சார் இரண்டு கையாலும் சுமந்து வந்தார். காரியஸ்தர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். வாசலில் ஜீப் குறுக்கே நின்றது.

"எங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை…"

"அவரையும்தான் கேக்கப் போறோம். ஏறுங்க."

12.00. அதிகாரி பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றார்கள். மூத்தாரின் பெயர் வந்ததும் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அதிகாரி கையமர்த்திவிட்டு, ஓரத்துச் சிவப்பு வரியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு வேறொரு பெயரைக் கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அலுவலகத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டதே இல்லை. அதிகாரி இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டார்.

கதவோரம் நின்றிருந்த பெண் இரண்டடி முன்னால் வந்தாள்.

"இருக்கேன் ஐயா" என்றாள்.